பண்டிகைப் பரிசுகளுக்கு அலங்காரத் தாளை வீட்டிலேயே செய்வது எப்படி?

தீபாவளியில் தொடங்கிப் பிள்ளையார் நோன்பு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்தடுத்து வரும் நாட்களில் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கும் பரிசுகளைக் கடையில் விற்கும் மினுமினுப்புத் தாளில் சுற்றாமல், செட்டிநாட்டு அழகு தெரியும்படி வீட்டிலேயே தாளை அலங்கரித்துச் சுற்ற விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தாள் வாங்குவது, எந்த வண்ணம் நிற்கும், பெட்டிக்கு எவ்வளவு தாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சுக் கருவி எதுவும் வீட்டில் இல்லை என்றும், சுற்ற வேண்டியவற்றில் பாதிக்கு மேல் பலகாரப் பெட்டிகள் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

பலரும் தாள் முழுவதையும் அலங்கரித்து முடித்துவிட்டு, அதன் பிறகு பெட்டியை அதன் மேல் வைத்து வெட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் பாடுபட்டு வரைந்த பூவின் பாதி அடிப்பக்கத்து மடிப்புக்குள் போய்விடும். மேற்பரப்பில் எஞ்சுவது எதுவென்பது தற்செயலாகிவிடும். முதலில் பெட்டியை அளந்து தாளை வெட்டி, மடிப்புக் கோடுகளைப் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு வண்ணத்தைத் தொடுவதே நல்லது. நம் ஊர் வீடுகளில் தளம் போட்டவர்கள் செய்ததும் இதுதான். அறையின் அளவைப் பார்த்து நடுவில் பூப்போட்ட தளக்கல்லும் சுற்றிலும் கரை போட்ட தளக்கல்லும் எத்தனை வரும் என்று கணக்கிட்ட பிறகே கல் பதித்தார்கள். பெட்டியின் மேற்பரப்பை நடுவாகவும் நான்கு பக்கங்களைக் கரையாகவும் எண்ணிக்கொண்டால் மற்றவை எளிதாக அமைந்துவிடும்.

தாளைப் பொறுத்தவரை, பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட வாங்குகிறோமே, அந்த பிரவுன் ஷீட்டை விடப் பொருத்தமானது வேறில்லை. 70 முதல் 90 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையிலான கனமே போதும். அதைவிட மெல்லியதாக இருந்தால் ஈர வண்ணம் பட்டதும் சுருங்கும். சார்ட் பேப்பர் போலக் கனமாக இருந்தால் மடிக்கும் இடத்தில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். பிரவுன் ஷீட்டில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சற்றுச் சொரசொரப்பாகவும் இருப்பது வழக்கம். வண்ணம் பிடிப்பது சொரசொரப்பான பக்கத்தில்தான். உள்ளே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய ரகமும் கடைகளில் கலந்து கிடக்கும், அது வேண்டாம். ஒரு மூலையைக் கையில் நன்றாகக் கசக்கிவிட்டுப் பாருங்கள்: கசங்கியபடியே கிடந்தால் தாள், தானாக விரிந்தால் அதில் படலம் இருக்கிறது. மினுமினுப்புத் தாள்கள் பழைய காகிதக் கடைக்கும் போகாமல் குப்பையிலேயே தங்குவதற்கும் இந்தப் படலமே காரணம்.

காசு செலவழிக்காமல் கிடைக்கும் நல்ல தாள் ஒன்றும் உண்டு. டிசம்பர் முடியும்போது வீட்டுச் சுவரிலிருந்து இறங்கும் சிவகாசி மாதக் காலண்டரின் பின்பக்கம் வெள்ளையாக, போதுமான கனத்தோடு இருக்கும். பொங்கல் பரிசுகளுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது பூச்சுப் பூசிய வழவழப்புத் தாள் என்பதால் நீர்த்த போஸ்டர் கலர் அதில் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். அக்ரிலிக் வண்ணத்தைக் கெட்டியாகத் தொட்டு வைத்தால்தான் பிடிக்கும். அச்சிட்ட தாளைப் பரிசுக்குச் சுற்றும் பழக்கம் பெரிய வணிகமாக வளர்ந்ததும் இப்படிக் கைக்குக் கிடைத்த தாளை எடுத்ததால்தான். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1917-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹால் சகோதரர்களின் கடையில் வழக்கமான மெல்லிய வண்ணத் தாள் தீர்ந்துபோக, உறைகளுக்கு உட்புறம் ஒட்டுவதற்கென்று பிரான்சிலிருந்து வந்திருந்த பூப்போட்ட தாள்களைத் தாள் ஒன்று 10 சென்ட் என்று விற்றார்கள். அந்தக் கடைதான் பின்னாளில் வாழ்த்து அட்டைகளுக்குப் பெயர்பெற்ற ஹால்மார்க் நிறுவனமானது.

இனி அளவு. பெட்டியைச் சுற்றி வரும் பக்கத்துக்கு, அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, ஒன்றன் மேல் ஒன்று படிவதற்காக 2 செ.மீ. சேர்க்க வேண்டும். மற்றப் பக்கத்துக்கு, பெட்டியின் நீளத்தோடு இரு முனைகளிலும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு சேர்த்தால் போதும். 24 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரமுள்ள ஒரு பலகாரப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 44, அதோடு 2 சேர்த்து 46. நீளம் 24, இரு முனைக்கும் நான்கு நான்காகச் சேர்த்து 32. ஆக 46-க்கு 32 செ.மீ. தாள் வேண்டும். 56-க்கு 71 செ.மீ. அளவுள்ள முழுத் தாள் ஒன்றில் இப்படி இரண்டு துண்டுகள் கிடைக்கும், 10 செ.மீ. அகலத்தில் நீண்ட துண்டு ஒன்றும், 7 செ.மீ. அகலத்தில் குறுந்துண்டு ஒன்றும் மிஞ்சும். அவற்றை எறிந்துவிடாதீர்கள், பெயர்ச்சீட்டுக்கும் மொய்க் கவருக்கும் ஆகும்.

ஒட்டும் இடம் பெட்டியின் அடிப்பக்கத்து நடுவில் வரவேண்டும். எனவே 46 செ.மீ. பக்கத்தில் ஒரு முனையிலிருந்து 9, 15, 31, 37 ஆகிய இடங்களில் மெல்லிய கோடு போடுங்கள். 15-க்கும் 31-க்கும் இடையில் உள்ளது மேற்பரப்பு; அதன் இருபுறமும் உள்ள 6 செ.மீ. பட்டைகள் பக்கச் சுவர்கள். அவற்றுக்கும் வெளியே இருப்பவை அடியில் மறைந்துவிடும், அங்கே வண்ணத்தை வீணாக்க வேண்டியதில்லை. குறுக்கே இரு முனைகளிலும் 4 செ.மீ. விட்டுக் கோடு போட்டால், நடுவில் 24-க்கு 16 செ.மீ. அளவில் மேற்பரப்பு தனியாகத் தெரியும். 24-ம் 16-ம் எட்டால் வகுபடுபவை. அதாவது தளக்கல்லைப் போல 8 செ.மீ. சதுர வடிவம் ஒன்றை அமைத்தால், நீளவாட்டில் மூன்றும் அகலவாட்டில் இரண்டுமாக ஆறு கற்கள், வெட்டுப்படாமல் மேற்பரப்பை நிரப்பிவிடும். பெட்டியின் அளவு வேறாக இருந்தால் நீளத்தையும் அகலத்தையும் மீதமின்றி வகுக்கும் எண்ணைத் தேடுங்கள். சரியாக அமையாவிட்டால் சுற்றிலும் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெற்றிடம் விட்டுவிட்டால் போதும்.

வடிவத்துக்கு எங்கும் தேடிப் போக வேண்டாம், உங்கள் காலடியில் இருக்கிறது. காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் தளக்கல் வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சட்டத்துக்குள் கண்ணாடிப் பலகையை வைத்து, அதன் மேல் அறை அறையாகத் தடுத்த உலோக அச்சை நிறுத்தி, ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, ஈரக் கலவையை இட்டு நிரப்பி, காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் மேல் படிந்திருந்த முகமே தளத்தின் பளபளப்பான முகமாகிறது. இந்த முறையில் நமக்கு வேண்டிய பாடம் அந்த அச்சில் இருக்கிறது. ஒவ்வொரு வண்ணமும் தனித்தனி அறைக்குள் அடங்குவதால், வடிவங்கள் எல்லாம் தெளிவான விளிம்போடு, நிழல் தீட்டாமல், சில பெரிய பரப்புகளாகவே அமைகின்றன. எட்டிதழ்ப் பூ, நாற்புறமும் கூரிய நட்சத்திரம், மூலைக்கு மூலை கால்வட்டம் வைத்து நான்கு கல் சேரும்போது முழுவட்டமாவது ஆகியவற்றை எந்த வீட்டின் வளவிலும் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) முகப்பிலும் காணலாம். தாளில் ஸ்டென்சில், அதாவது வடிவத்தைத் துளையாக வெட்டிய தகடு, வைத்து அச்சிடுவதற்கு இதைவிட ஏற்ற வடிவம் கிடையாது. மயிலையும் யாளியையும் மரவேலை நிலைகளில் பார்த்துவிட்டு அவற்றை ஸ்டென்சிலில் வெட்ட ஆசைப்படுபவர்கள் உண்டு. நுணுக்கம் தாங்காமல் அது கறையாகத்தான் முடியும்.

ஸ்டென்சிலுக்கு வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே பிலிமே போதும். முதலில் 8 செ.மீ. சதுரமாக ஒரு வெள்ளைத் தாளை வெட்டி, நான்காக மடித்து, மறுபடி மூலைவிட்டமாக ஒரு மடிப்பு மடியுங்கள். கிடைக்கும் முக்கோணத்தில், தாளின் நடுப்புள்ளியில் சேரும் இரு ஓரங்களிலும் அரை அரை இதழாக வரைந்து கத்தரியால் வெட்டி விரித்தால், எட்டுப் பக்கமும் சமமான பூ வந்திருக்கும். அதைப் பிலிமின் மேல் வைத்து வரைந்து, கூரிய பிளேடால் வெட்டுங்கள். இதழுக்கும் இதழுக்கும் இடையில் குறைந்தது 3 மி.மீ. அகலத்துக்குப் பாலம் விட வேண்டும். இல்லையென்றால் நடுப்பகுதி கழன்று விழும், விழாவிட்டாலும் இரண்டு முறை துடைப்பதற்குள் கிழியும். இரண்டு வண்ணம் வேண்டுமானால் இரண்டு ஸ்டென்சில் வெட்ட வேண்டும். முதலாவதில் பெரிய பரப்பு, இரண்டாவதில் நடுப்பொட்டும் மூலைகளும். இரண்டையும் அடுக்கி, நான்கு ஓரத்தின் நடுவிலும் ஒரே இடத்தில் சிறு முக்கோண வெட்டு வைத்துவிட்டால், தாளில் பென்சில் கோட்டோடு அந்த வெட்டைப் பொருத்தி இரண்டாவது வண்ணத்தை இடம் பிசகாமல் வைக்கலாம்.

வண்ணம் ஏற்றுவதற்குத் தூரிகை வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி, வண்ணத்தில் தொட்டு, வேண்டாத தாளில் இரண்டு மூன்று முறை ஒற்றிக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே ஸ்டென்சிலில் ஒற்ற வேண்டும். செங்குத்தாக ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் வண்ணம் பிலிமுக்கு அடியில் புகுந்து விளிம்பைக் கெடுக்கும். அழுத்தமாக ஒரே தடவை வைப்பதைவிட மெல்ல இரண்டு தடவை வைப்பது நல்லது. இதழின் ஒரு பகுதி சற்று வெளிறியும் இன்னொரு பகுதி அடர்ந்தும் இருந்தால் கவலைப்பட வேண்டாம், ஆத்தங்குடிக் கல்லிலும் வண்ணம் அப்படித்தான் அலைந்து நிற்கிறது. அதுதான் கைவேலையின் முகம்.

வண்ணங்களில் நான் முதலில் சொல்வது காவி. கோலத்துக்குக் கரைகட்டப் பயன்படும் அதே காவிதான். அது இரும்பு ஆக்சைடு நிறைந்த மண் என்பதால் வெயிலில் வெளுக்காது. ஆத்தங்குடிச் சிவப்பிலும் பொதுவாகச் சேர்வது இரும்பு ஆக்சைடு நிறமிதான். காவிப் பொடியை மெல்லிய துணியில் சலித்துக்கொண்டு, இரண்டு கரண்டி பொடிக்கு ஒரு கரண்டி ஃபெவிகாலும் அதே அளவு தண்ணீரும் சேர்த்துத் தயிர்ப் பதத்துக்குக் குழையுங்கள். கெட்டியாக இருந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்கலாம். கோலத்துக்குப் போல வெறும் தண்ணீரில் கரைத்துப் பூசினால், காய்ந்த பிறகு பரிசை வாங்குபவரின் கையிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிறு துண்டில் பூசிக் காயவைத்து, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால் பசை போதவில்லை என்று பொருள். வெள்ளைக்கு அரிசிமாவைக் கரைத்துப் போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தளத்தில் எடுப்பாகத் தெரியும் அளவுக்குத் தாளில் தெரியாது, மடிக்கும்போது உதிரும், எறும்பும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். வெள்ளைக்கு அக்ரிலிக் அல்லது துணிக்குப் போடும் ஃபேப்ரிக் பெயிண்ட்தான் சரி. பழுப்புத் தாளில் காவியும் வெள்ளையும் சேர்ந்தாலே போதிய நிறைவு வந்துவிடும். மூன்றாவது வண்ணம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் நம் கண்டாங்கிப் புடவையின் கடுகு மஞ்சளைச் சேர்க்கலாம். தங்க ஜிகினாத் தூளை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பலகாரத்துக்கு அருகில் உதிரும் பிளாஸ்டிக் பொடிக்கு இடமில்லை.

சிறுவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கென்று ஒரு மஞ்சள் வித்தை இருக்கிறது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி வெள்ளைத் தாளில் ஒரே சீராகப் பூசிக் காயவைக்க வேண்டும். சமையல் சோடா ஒரு கரண்டியைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் அந்த மஞ்சள் தாளில் வரைந்தால், கோடு போட்ட இடமெல்லாம் உடனே செம்பழுப்பாக மாறும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பதும் இதே காரணத்தால்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும். ஆனால் குர்குமின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால், இதைக் கொடுக்கும் நாளுக்கு முந்தைய மாலையில் செய்வதே நல்லது.

ஸ்டென்சில் வெட்டப் பொறுமை இல்லாதவர்களுக்குக் காய்கறி அச்சு இருக்கிறது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து முனைப் பூ ஒன்று கிடைக்கும், கிறிஸ்துமஸ் தாளுக்கு நட்சத்திரமாகவே அதை வைக்கலாம். இளசான காய் அழுத்தினால் நசுங்கி வழவழப்பை விடும். முற்றிய காயாகப் பார்த்து வெட்டி, வெட்டுமுகம் சற்று உலர்ந்த பிறகு பயன்படுத்த வேண்டும். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி வேண்டிய வடிவத்தைச் செதுக்கலாம். வெட்டுமுகத்தைத் துணியின் மேல் சிறிது நேரம் கவிழ்த்து வைத்து நீரை உறிஞ்சவிட்ட பிறகு வண்ணம் தொட்டால்தான் விளிம்பு தெளிவாக வரும். பலர் கவனிக்காதது வாழைமட்டை. குறுக்கே சீராக அறுத்துப் பாருங்கள்: பிறைவடிவ விளிம்புக்குள் வரிசை வரிசையாகக் காற்றறைகள் தெரியும். அதைக் காவியில் தொட்டு ஒற்றினால் சன்னல் கம்பி போட்ட பிறை ஒன்று தாளில் விழும். இரண்டு பிறைகளை எதிரெதிராக வைத்தால் இதழ். பெட்டியின் பக்கச் சுவர்களாக வரப்போகும் 6 செ.மீ. பட்டைகளில் இதை வரிசையாக வைத்தால் நல்ல கரை அமைந்துவிடும். நீண்ட நாள் உழைக்கும் அச்சு வேண்டும் என்றால், தேய்ந்த ஹவாய் செருப்பின் அடிப்பகுதியைக் கழுவிக் காயவைத்து, பிளேடால் வடிவம் வெட்டி ஒரு மரத்துண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். காய்கறி ஒரு நாளில் வாடிவிடும், இது பல ஆண்டுகளுக்கு வரும். பரிசின் மேல் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால் அவர்களோடு வாதாடாமல் பள்ளி மாணவர் அழிக்கும் பெரிய ரப்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அச்சுமுறுக்கு அச்சை வண்ணத்தில் தொட்டு ஒற்றினாலும் அருமையான பூ விழும்; ஆனால் அதன் பிறகு அந்த அச்சு அடுப்படிக்குத் திரும்பக் கூடாது.

கோலத்தைத் தாளில் கொண்டுவர நினைப்பதும் இயல்பே. புள்ளிக் கோலங்களும் சதுரத்துக்குள் சதுரமாக அமையும் படிக்கோலங்களும் பெட்டியின் மேற்பரப்புக்கு நன்றாகப் பொருந்தும். வெள்ளை மார்க்கர் பேனாவாலோ, கூம்பாகச் சுருட்டிய பிளாஸ்டிக் உறையில் வெள்ளை வண்ணத்தை நிரப்பி மருதாணி இடுவது போலவோ போடலாம். ஆனால் நடுவீட்டுக் கோலத்தை மட்டும் பரிசுத் தாளில் போட வேண்டாம் என்பது என் கருத்து. அது வீட்டின் நல்ல காரியங்களுக்கென்று முறையோடு இடுவது. கிழித்து எறியப்படப் போகும் தாளில் அதை வரைந்தால் வாங்குகிறவர்களில் சிலருக்கு மனம் சுருக்கென்னும். பிள்ளையார் படம், இலட்சுமி படம், பழைய திருமண அழைப்பிதழிலிருந்து வெட்டிய தெய்வ உருவம் ஆகியவற்றுக்கும் இதே விதி. அழைப்பிதழின் மற்றப் பகுதிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நம் பண்டிகைக் காலம் வடகிழக்குப் பருவமழைக் காலமாகவும் இருப்பதால், உலர்த்துவதில் கவனம் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். கையால் தொட்டால் காய்ந்தது போலத் தெரியும் அக்ரிலிக் தாள்களை அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது வண்ணம் உரிந்துவரும். ஓர் இரவு முழுவதும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, மறுநாள் தாளுக்கிடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி, மேலே கனமான பலகையை வைத்தால் சுருக்கமும் நீங்கும். இடையில் செய்தித்தாளை வைக்க வேண்டாம், அதன் மை ஏறிவிடும். வண்ணம் போட்டவுடன் தாள் வளைவது இயல்பு. காய்ந்து அழுத்தத்தில் கிடந்தால் நேராகிவிடும்.

பலகாரப் பெட்டிகளுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். தேன்குழலும் சீப்புச் சீடையும் அதிரசமும் எண்ணெய் விடும். அந்த எண்ணெய் அட்டைப் பெட்டியைத் தாண்டி அலங்காரத் தாளுக்கு வந்துவிட்டால், பழுப்புத் தாளில் கறுத்த திட்டாகத் தெரியும். பெட்டிக்குள் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக விரித்து, பலகாரம் முழுவதுமாக ஆறிய பிறகே அடுக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தங்கி, முறுக்கும் நமுத்துப்போகும், தாளும் தளர்ந்துபோகும். செய்தித்தாளில் உணவைச் சுற்றக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் அறிவுறுத்தியது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் உணவுக்குள் செல்லும் என்பதே காரணம். வீட்டில் நாம் பூசும் வண்ணத்துக்கும் அது பொருந்தும் என்று கொள்வதே நல்லது. வண்ணம் போட்ட முகம் எப்போதும் வெளியே, பெட்டிக்கும் பலகாரத்துக்கும் அப்பால் இருக்கட்டும்.

தாளே வேண்டாம் என்ற நிலையும் சில பரிசுகளுக்கு வரும். உருண்டையான பாட்டில், கைப்பிடி வைத்த பாத்திரம் போன்றவற்றைத் தாளில் சுற்றினால் எவ்வளவு முயன்றாலும் கோணலாகத்தான் நிற்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கியில் நைந்த பழம்புடவை ஒன்று பெட்டியில் இருந்தால், நைந்த பகுதியை விட்டுவிட்டு 60 செ.மீ. சதுரங்களாக வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். சதுரத்தின் மூலைவிட்டம் சுமார் 85 செ.மீ. வரும், அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 28 செ.மீ. நீளம் வரையுள்ள பொருளை வைத்து, எதிர்மூலைகளை இரண்டிரண்டாக முடிச்சிட்டால் அழகான பொதி ஆகிவிடும். கட்டங்களும் கரையும் ஏற்கெனவே துணியில் இருப்பதால் வேறு அலங்காரம் எதுவும் தேவையில்லை. ஜப்பானியர் இதே முறையை ஃபுரோஷிகி என்று பெயரிட்டு நுட்பமாக வளர்த்திருக்கிறார்கள். பனையோலையில் முடைந்த கொட்டான் என்னும் சிறு கூடையில் வைத்துக் கொடுப்பது இன்னும் சிறப்பு, ஆனால் அது பரிசைவிட விலை கூடிப்போகும் சந்தர்ப்பமும் உண்டு. மிக நெருங்கியவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கு ரிப்பனுக்குப் பதிலாக வாழைநாரையோ சணலையோ எடுக்கலாம். வாழைநாரைத் தண்ணீரில் சற்று ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கட்டினால் ஒடியாது. காய்ந்ததும் முடிச்சு இறுகிவிடும். பெயர்ச்சீட்டை ஓலையில் செய்து பாருங்கள், இதற்கு ஈடாக எதுவும் இல்லை. இளம் பனையோலையின் ஈர்க்கை நீக்கி, மஞ்சள் கலந்த தண்ணீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். கூரான ஆணியால் ஓலையைக் கிழிக்காமல் பெயரைக் கீறும்போது எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து அதன் மேல் தடவி, துணியால் துடைத்துவிட்டால், ஓலையின் மேற்பரப்பு சுத்தமாகி, கீறிய எழுத்தில் மட்டும் கறுப்பு தங்கிவிடும். சுவடி எழுதியவர்கள் செய்த முறை இதுதான். கரி என்பதாலோ கறுப்பு என்பதாலோ மங்கலக் காரியத்துக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் சீட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்துவிடலாம். பணம் வைக்கும் கவருக்கும் அதேபோல.

ஒட்டுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் தனி விருப்பம். ஒளி ஊடுருவும் ஒட்டுநாடா 1930-இல்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் பொட்டலம் என்பது மடிப்பிலும் நூலிலும் நின்றது. பிரவுன் ஷீட்டில் செலோ டேப் ஒட்டினால் பிரிக்கும்போது மேல் தோல் உரிந்து வண்ணமும் போய்விடும். அடிப்பக்கத்துச் சேர்க்கையில் மட்டும் மைதாப் பசை ஒரு கோடு வைத்தால் போதும்: ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கண்ணாடிப் பதம் வரும்வரை கிளறி ஆறவைத்தது. அது ஓரிரு நாளில் புளித்துவிடும், அன்றன்று வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். இரு முனை மடிப்புகளையும் ஒட்டாமல் உள்ளே செருகி, நாரால் குறுக்கும் நெடுக்கும் கட்டிவிட்டால், வாங்குகிறவர் தாளைக் கிழிக்காமல் பிரித்து அடுத்த ஆண்டுக்கு மடித்து வைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ பரிசு கொண்டு போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவதாக இருந்தால், விமான நிலையச் சோதனையில் திறக்கச் சொல்லக்கூடும் என்பதால் இந்தக் கட்டும் முறை அங்கும் உதவும். அவிழ்த்துக் காட்டிவிட்டு மீண்டும் கட்டிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகும் பெட்டியில் மட்டும் ஓலைச் சீட்டும் வாழைநாரும் வேண்டாம். காய்ந்த தாவரப் பொருள்களைக் கூட அந்நாடுகளின் அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும், அவர்கள் பறித்துக்கொள்ளவும் கூடும். அங்கே அனுப்புவதற்குப் பருத்தி நூலும், மிஞ்சிய 7 செ.மீ. துண்டில் வெட்டிய தாள் சீட்டுமே போதுமானவை.